சிற்றுருக் கார்களும் அவற்றின் மெய்ம்மையும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பணி பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அப்பொருள்களில் எம்மினும் வல்லார் பலர் உளர். அவர்தம் கட்டுரைகள் இம்மலரை அணிசெய்யும். யாமோ ஓய்வுநேரங்களில் இருபது ஆண்டுகளாக ஈடுபட்டுவரும் ஒரு சிறுதொழில் பற்றிச் சில கூற எண்ணினோம். அமெரிக்காவில் 1960-களில் ஓடிய பெருவலிக் கார்களைப் பிளாஸ்ரிக்கிற் சிற்றுருவாகப் பொருத்துதலே அத்தொழில். பொருத்துவது எப்படி என்பதன்று எம் பொருள். அச்சிற்றுரு எவ்வளவுக்கு மெய்யான காரைப் போன்றது, அதனை அறிவது எங்ஙனம், பிழையாயின் அப்பிழை எங்கிருந்து வந்தது என்பவையே ஈண்டு ஆராயப்படும்.

எம் இளமைக்காலத்தில், அஃதாவது கடந்த நூற்றாண்டின் தொண்ணூறுகளில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெயும் பற்றரியும் வருதலே அரிதாயிருந்தது. விளையாட்டுக் கார் வருவது எங்ஙனம்? நுங்குக் கோம்பை இரண்டை ஒரு தடியிற் கோத்து உருட்டினோம். பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கி, மீன் ரின்னைப் பெட்டியாக்கி லொறி செய்தோம். அந்த லொறி எந்த லொறியைப் போன்றது என எவரும் கேட்டிலர். உருண்டால் அது லொறி, அவ்வளவே. போலச் செய்யப்பட்ட பொருளுக்கும் மெய்ப்பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கும் பழக்கம், பிற்காலத்தில் வெளிநாட்டுத் தோழர் ஒருவர் கொணர்ந்த முதற் பெட்டியோடுதான் எம்மைப் பற்றியது.

முதலிற் கார் பற்றி. ‘மசில் கார்’ என்பது ஆங்கில வழக்கு. மசில் என்றால் தசை. ‘தசைக் கார்’ என மொழிபெயர்த்தபோது இறைச்சிக்கடை வண்டி நினைவுக்கு வருகிறது என்றான் எம் மாணவன் ஒருவன். ‘மல்லுந்து’ என யாமே ஒரு சொல்லை ஆக்கிப் பார்த்தோம், எவரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே மசில் கார் என்றே எழுதுவோம். நடுத்தர அளவுள்ள, இரு கதவுடைய, விலை மிகாத கார் ஒன்றினுள், பெரிய காருக்குரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வைத்தல் இவ்வினத்தின் இலக்கணம். 1964-ஆம் ஆண்டுக்குரிய பொன்ரியாக் ஜி.ரி.ஓ.-வையே முதற் காராகப் பலரும் கொள்வர். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினை வைத்தலாகாது என ஜெனரல் மோட்டர்ஸ் தலைமையகம் விதித்திருந்தது. பொன்ரியாக் பகுதியினர் 389 கன அங்குல எஞ்சினைத் தனிக் காராக அறிவியாது, வேண்டுவோர் மேற்பணம் கொடுத்துப் பெறும் ‘விருப்பப் பொருத்து’ என எழுதி அவ்விதியைக் கடந்தனர். அவ்வாண்டில் 32,450 கார்கள் விற்பனையாயின. அதன்பின் ஏனைய கொம்பனிகளும் களத்தில் இறங்கின. 1970-இல் செவ்ரொலே செவல் காருக்கு 454 கன அங்குல எஞ்சினும் 450 குதிரைவலுவும் என்ற அளவுக்கு அது போயிற்று. பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறியது. புகை பற்றிய சட்டம் வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பத்து ஆண்டுக்குள் தோன்றி மறைந்த இனம் அது.

இக்கார்கள் கடைக்கு வந்த அதே காலத்தில் அவற்றின் சிற்றுருக்களும் கடைக்கு வந்தன. அதற்கு ஒரு காரணம் உண்டு. டெற்றோயிற் நகரைச் சூழ்ந்து ஏ.எம்.ரி., ஜோ-ஹான் முதலிய சிறு கொம்பனிகள் இருந்தன. 1963-இல் எம்.பி.சி. என்ற கொம்பனியும் தோன்றியது. கார் விற்பனையாளர் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கும் கொடுப்பதற்குமாகப் புதிய காரின் சிற்றுருவை முன்னதாகவே செய்துகொடுத்தல் இவர்களுடைய தொழில். புதிய காரின் வரைபடங்களைக் கார்க் கொம்பனியே இவர்களிடம் கொடுத்தது. மெய்யான கார் தெருவுக்கு வருமுன் சிற்றுருவின் அச்சு வெட்டப்பட்டது. பின்னர் அதே அச்சிற் சில உறுப்புக்களைச் சேர்த்து, பசை பூசிப் பொருத்தும் பெட்டியாகக் கடைகளில் விற்றனர். 1958-ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து ஏ.எம்.ரி. இவ்வாறு ஆண்டுதோறும் பெட்டிகளை வெளியிட்டது. ஒரே பெட்டியிலிருந்து தொழிற்சாலையில் வந்த வண்ணமாகவோ, அலங்கரித்த காராகவோ, பந்தயக் காராகவோ செய்துகொள்ளலாம்.

பழைய பெட்டிகளின் குணமும் குற்றமும் இவ்வரலாற்றுக்குள்ளேயே அடங்கியுள்ளன. மேலுடம்பு கார்க் கொம்பனியின் வரைபடத்திலிருந்து பிறந்தது. ஆதலின் கூரையின் வளைவு, கதவின் மடிப்பு, பின்புறச் சரிவு என்பன பெரும்பாலும் செம்மையாக இருக்கும். அடிப்புறமோ காட்சிச் சிற்றுருவின் அடித்தட்டிலிருந்து பிறந்தது. விற்பனையாளர் மேசையிலுள்ள காரைக் கவிழ்த்துப் பார்ப்பவர் யார்? ஆகவே புகைக்குழாய், சட்டம், எண்ணெய்த் தாங்கி யாவும் ஒரே தட்டில் மேடுபள்ளமாக மட்டும் காட்டப்பட்டன. சில்லுகள் உருள வேண்டும் என்பதற்காக உலோக அச்சாணி ஒன்று இடமிருந்து வலமாகப் போகும். முன் அச்சாணி போகும் வழியில் எஞ்சின் நிற்குமாயின், எஞ்சினிலே துளையிட்டு அதனூடாகவே அச்சாணியைச் செலுத்தினர்! மெய்யான காரில் இவ்வாறு செய்தால் அக்கார் எவ்வளவு தூரம் போகும் என்பதை வாசகரே ஊகிக்க. ஆயினும் அப்பெட்டிகளை யாம் இகழமாட்டோம். சிறுவன் ஒருவன் தரையில் உருட்டுவதற்காகச் செய்த பொருளில் அத்துளை பிழையன்று. ஐம்பது ஆண்டு கழித்து இடுக்கிமானியோடு வந்து உட்காரும் எம் போன்றாருக்கே அது பிழை.

இனி, அச்சு பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பிழைகளிற் பாதி அங்கேதான் பிறக்கின்றன. பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக் மணிகளை உருக்கி, உருக்கு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்துவர். குளிர்ந்து இறுகியதும் அச்சைத் திறந்து உறுப்புக்களை வெளியே தள்ளுவர். இட்டலியைத் தட்டிலிருந்து எடுப்பது போன்றதே இதுவும். குழி மேல்நோக்கி விரிந்திருந்தாற்றான் இட்டலி உடையாது வரும். அச்சிலும் பக்கச் சுவர்கள் செங்குத்தாக இருத்தல் ஆகாது. சிறிது சரிந்திருத்தல் வேண்டும். மெய்யான காரில் நேராக நிற்கும் பரப்பு சிற்றுருவிற் சற்றே சாய்வதற்கு இதுவே காரணம். கார் உடம்போ மேல், கீழ், இடம், வலம், முன், பின் எனப் பல துண்டாகப் பிரியும் அச்சில் வார்க்கப்படுவது. அத்துண்டுகள் கூடும் இடமெல்லாம் மயிர்போன்ற வரம்பு எழும். சில்லு மேற்கவசத்தின் முகட்டிலும் பின்தூணிலும் அதனைக் காணலாம். அதனை அராவி நீக்காமல் மை பூசுவோர் பலர். பளபளப்பு ஏறஏற அவ்வரம்பும் கூடவே விளங்கும்.

தடிப்பான உறுப்புக் குளிரும்போது நடுவிற் சுருங்கிக் குழிவு விழும். அச்சிலிருந்து தள்ளிய ஊசியின் வட்ட அடையாளம் ஆசனத்தின் முதுகிலோ கதவின் உட்புறத்திலோ நிற்கும். அச்சுத் தேய்ந்தால் ஓரங்களில் மெல்லிய பிதுக்கம் வழியும், எழுத்துக்கள் மழுங்கும். இவை செய்திறனின் குறைகள். உருவத்தின் பிழைகள் அல்ல. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். கையெழுத்து அழகில்லாத மாணவன் சரியான விடை எழுதியிருக்கலாம். அழகாக எழுதியவன் பிழையாக எழுதியிருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் பிதுக்கத்தைக் கண்டு ‘இது ஆகாது’ என்பாரும், பளபளக்கும் குரோம் உறுப்புக்களைக் கண்டு ‘இதுவே சிறந்தது’ என்பாரும் இவ்வேறுபாட்டை அறியாதார். குரோமோ, வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியச்செய்த மெல்லிய பூச்சே. சட்டத்திலிருந்து உறுப்பை வெட்டும் இடத்தில் அது போய்விடும்.

பிளாஸ்ரிக்கை வேண்டிய அளவுக்கு மெல்லியதாக வார்த்தல் இயலாது. ஒரு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள முன்கண்ணாடி, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிலே, மெய்யான காரில் இருபத்தைந்து மில்லிமீற்றர்க் கண்ணாடிக்குச் சமம். வங்கியின் காசு வண்டிக்கு அது பொருந்தலாம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி அரை மில்லிமீற்றராக வெட்டப்பட்டால், மெய்க் காரிலே பன்னிரண்டரை மில்லிமீற்றர், சிறுவிரல் நுழையும். இவற்றைக் குறைகூறிப் பயனில்லை. பொருளின் இயல்பு அது.

மற்றொரு செய்தி எமக்குத் துயர் தருவது. உருக்கு அச்சு வெட்டுதல் பெருஞ்செலவு. ஆண்டுதோறும் காரின் முகமும் விளக்கும் மாறும்போது, புதிய அச்சு வெட்டாமல் பழைய அச்சையே திருத்தினர். பிளிமத் பரக்குடா என்ற காரை எடுத்துக்கொள்வோம். நம் கடலிலுள்ள சீலா மீனின் பெயர்தான் அதற்கு. 1970-இல் அதன் முகத்தில் இரண்டு விளக்கு, 1971-இல் நான்கு, 1972-இல் மறுபடியும் இரண்டு. இத்தகைய காருக்குரிய அச்சின் முன்முகத்தை வெட்டி மாற்றினால், போன ஆண்டின் முகம் உலகத்தில் இல்லாது ஒழியும். அங்ஙனம் அழிந்த உருவங்கள் பல. இன்னுஞ் சில அச்சுக்கள் பந்தயக் காருக்காகச் சில்லு வளைவுகள் வெட்டி அகலமாக்கப்பட்டன; மீண்டும் பழைய உருவத்துக்கு அவை திரும்பவில்லை. ஏட்டுச்சுவடியைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வேறு நூல் எழுதுவது போன்றது இது. பழைய ஏ.எம்.ரி., எம்.பி.சி. பெயர்கள் இன்று இன்டியானா மாநிலத்திலுள்ள றவுண்ட் 2 கொம்பனியிடம் உள்ளன. பொருத்தப்படாத பழைய பெட்டியொன்றைத் தேடியெடுத்து, அதன் உறுப்புக்களை அளந்து, புதிதாக அச்சு வெட்டும் முயற்சியும் இப்போது நடைபெறுகிறது. பிரதியிலிருந்து பிரதி செய்யும்போது முதற் பிரதியின் பிழையும் கூடவே வரும் என்பதை ஏடு படித்தார் அறிவர். ஆயினும் நூலே இல்லாது போவதினும் பிழையுள்ள பிரதி நன்று என்பது எம் கருத்து.

வரைபடம் இல்லாது செய்த பெட்டிகள் வேறோரினம். சிக்காகோவுக்கு அண்மையிலிருந்த மொனோகிராம் கொம்பனி, 1970-களின் இறுதியிலும் 80-களிலும் பழைய மசில் கார்களை இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவிற் செய்து வெளியிட்டது. கலிபோர்னியாவில் தோன்றிய றெவெல் கொம்பனியோடு அது 1986-இல் இணைந்தது. கார் உற்பத்தி நின்று பல ஆண்டு ஆனபின் செய்வோர், யாரேனும் ஒருவரிடமுள்ள காரைத் தேடிச் சென்று அளக்கவேண்டும், நிழற்படம் எடுக்கவேண்டும். அந்தக் கார் முன்னர் மோதித் திருத்தப்பட்டதா, வேறு ஆண்டின் உறுப்பு ஏறியதா என்பதை யார் அறிவார்? நிழற்படமோ கிட்ட நின்று எடுத்தால் முன்பகுதியைப் பெருக்கிக் காட்டும். கூரையைத் தாழ்த்திக் காட்டும். கூரை ஒரு மில்லிமீற்றர் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் முகமறிந்தவர் கண்ணுக்கு அது உறுத்தும். சில்லின் விட்டம் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் அவ்வாறு உறுத்துவதில்லை. முகத்தில் மூக்கு மாறினால் ஆளே மாறிவிடுகிறான். காலணி மாறினால் மாறுவதில்லை. ஆதலின் யாம் முதலிற் பார்ப்பது கூரையையும் கண்ணாடித் தூண்களையுமே.

அளக்கும் முறை எளிது. எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். அரை அங்குலத்தை ஓர் அடியாகக் கொண்டால் இருபத்துநான்கில் ஒன்று. ஆங்கிலேய அளவுமுறையில் இயல்பாக வருவது இது. டெற்றோயிற் கொம்பனிகளின் வழக்கோ இருபத்தைந்தில் ஒன்று. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என எண்ணற்க. 1970 டொட்ஜ் சலெஞ்சரின் மொத்த நீளம் 191.3 அங்குலம். இருபத்தைந்திற் பங்கிட்டால் 194.4 மில்லிமீற்றர்; இருபத்துநான்கிற் பங்கிட்டால் 202.5. எட்டு மில்லிமீற்றர் வேற்றுமை. பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாது இதனை முதலிற் பார்த்தல் வேண்டும்.

மொத்த நீளத்தினும் முன் அச்சாணிக்கும் பின் அச்சாணிக்கும் இடைப்பட்ட தூரமே சிறந்த உரைகல். அத்தூரம் கார்க் கொம்பனியின் ஏடுகளில் ஐயமின்றி அச்சிடப்பட்டுள்ளது. சலெஞ்சரும் பரக்குடாவும் கிறைஸ்லர் கொம்பனியின் உடன்பிறப்புக்கள். அடித்தளத்தின் அமைப்பு ஒன்று. ஆயின் பரக்குடாவுக்கு அச்சாணித் தூரம் 108 அங்குலம், சலெஞ்சருக்கு 110. வெளித்தகடுகளும் வேறு. இருபத்தைந்திற் பங்கிட்டால் 109.7, 111.8 மில்லிமீற்றர், வேற்றுமை இரண்டு மில்லிமீற்றரே. ஒரே அடித்தட்டை இரண்டு பெட்டியிலும் போட்டால் எவர் கண்டுபிடிப்பார் எனச் செய்வோர் நினைப்பது இயல்பு. கண்டுபிடிக்கலாம்.

இதனைத் தற்செயலாகவே யாம் அறிந்தோம். எம் வகுப்புத் தோழர் ஒருவர் ரொறன்ரோவில் மோட்டார்த் திருத்தகத்தில் தொழில் செய்கிறார். அவரிடம் நெடுங்காலம் கார் திருத்துவிக்கும் முதியவர் ஒருவர், இளமையில் 1970 சலெஞ்சர் ஒன்றை வைத்திருந்தவர். அந்தக் காரை அவர் விற்றது பிள்ளைகளின் படிப்புக்காக என்று தோழர் எழுதியிருந்தார். முதியவரின் கண்ணொளி குறைந்து வருகிறது; முற்றாகக் குறையுமுன் அக்காரின் சிற்றுருவைக் கையில் வைத்துப் பார்க்க விரும்பினார். தோழர் தம் கைப்பணத்தில், முத்திரை உடையாத பழைய பெட்டியொன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, ஊருக்கு வந்த உறவினர் கையில் எமக்குக் கொடுத்தனுப்பினார். தொலைபேசியிற் சொன்னது இவ்வளவே: “மச்சான், அந்த மனிசனுக்குப் பிழையான சாமானைக் குடுக்கக் கூடாது. நீ நல்லாப் பார்த்துச் சொல்லு.”

பெட்டியைத் திறந்தோம். திறந்ததும் கண்டது, இறப்பர் போன்ற நான்கு ரயர்களில் ஒன்று முன்கண்ணாடியின்மேற் கிடந்து, அதனுள் உருகிப் பதிந்திருந்த காட்சி. இது எவருடைய குற்றமுமன்று. ரயர் மென்மையாக இருக்கும்பொருட்டு வினைல் பிளாஸ்ரிக்கில் ஒருவகை எண்ணெய்ப் பொருள் சேர்ப்பர். ஆண்டுகள் செல்ல அது கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். முத்திரை உடையாத பெட்டிக்கு விலை மிகுதி. ஆயின் உள்ளே ரயர் எங்கே கிடக்கிறது என்பதை முத்திரை உடைக்காமல் அறிதல் இயலாது. இம்மலரைப் படிக்கும் அன்பர் எவரிடமேனும் அத்தகைய பெட்டி இருப்பின், விலை குறையும் என அஞ்சாது திறந்து, ரயர்களை எடுத்து வேறு உறையில் இடுக. கண்ணாடி உறுப்புக்களையும் தனியே காகிதத்திற் சுற்றுக.

பிறகு கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திலிருந்து வேணியர் இடுக்கிமானியை இரவல் வாங்கினோம். அளந்து கொடுத்தவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். எம் கண்ணுக்கும் இப்போது வெள்ளெழுத்து. மேலுடம்பிற் சில்லு வளைவுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 111.5. நன்று. அடித்தட்டில் அச்சாணித் துளைகளுக்கிடையே 109.6. அஃதாவது, சலெஞ்சரின் உடம்பின்கீழ்ப் பரக்குடாவின் கால்கள். பொருத்தினால் பின்சில்லு வளைவின் நடுவில் நில்லாது முன்னே ஒதுங்கி நிற்கும். இரண்டு மில்லிமீற்றர்தானே என விடலாமோ? முதியவரின் கண் ஒளி குறைந்தது. அவர் அறியப்போவதில்லை என மாணவன் சொன்னான். காண முடியாதவருக்குக் கொடுப்பதிலேதான் கூடுதற் கவனம் வேண்டும் என்று அவனுக்குச் சொன்னோம். அன்றியும் அவர் விரலால் தடவிப் பார்க்கப்போகிறவர். சில்லுக்கும் வளைவுக்கும் இடையிலுள்ள வெளியை விரல் அறியும்.

இப்பிழையைத் திருத்துதல் அரிதன்று. பின் விற்சுருளை அடித்தட்டிற் பிடிக்கும் முளைகளை வெட்டி எறிந்து, இரண்டு மில்லிமீற்றர் பின்தள்ளி ஒட்டினோம். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு அவ்வளவுக்குக் குறைந்தது. நடுவில் வெட்டி, சிறு பிளாஸ்ரிக் துண்டு வைத்து நீட்டினோம். ஒரு மாலைப் பொழுதின் வேலை.

அதனினும் பெரிய பிழை ஒன்றைத் தோழரின் இரண்டாவது அழைப்பே வெளிப்படுத்தியது. பெட்டியில் இருந்தது 426 கன அங்குல ஹெமி எஞ்சின். 425 குதிரைவலு எனப் புகழப்பட்டது. முதியவரின் காரிலோ 318 கன அங்குல எஞ்சின். குடும்பக் காரிலும் வைக்கப்பட்ட சாதாரண எஞ்சின். 1970-இல் எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட சலெஞ்சர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஹெமி பொருத்தியவை சில நூறே. பெட்டிகளைப் பார்த்தாலோ, அக்காலத்து அமெரிக்கத் தெருவெல்லாம் ஹெமி ஓடியது போலத் தோன்றும். பெட்டியின் ஒவ்வோர் உறுப்பும் அளவிற் சரியாயிருந்தும், மொத்தமாக அது சொல்லும் செய்தி பிழையாயிருத்தல் கூடும் என்பதை யாம் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். அரசர்களின் போரை மட்டும் எழுதிய வரலாற்று நூலும் இவ்வாறுதான் போலும்.

ஆகவே எஞ்சின் மூடியிலிருந்த இரு காற்று வாய்களையும் அராவித் தட்டையாக்கினோம். ஹெமியின் அகன்ற மூடிகளைக் காட்டுவதற்கில்லை. மூடியை ஒட்டி மூடிவிடுவதென முடிவு செய்தோம். எஞ்சினுக்குள் விளக்குக் கம்பி இழுக்கும் இன்பம் இதனால் எமக்கு இல்லாமற் போயிற்று. மெய்யான கம்பி ஏழு மில்லிமீற்றர், சிற்றுருவில் 0.28. பழைய வானொலிச் சுருளிலிருந்து எடுத்த செப்பு மயிர் அதற்கு மிகப் பொருத்தம். எவ்வெவ்வெஞ்சினுக்கு எந்நிறம் என்பதும் சுவையான பொருளே. பொன்ரியாக்குக்கு வெளிர்நீலம், ஹெமிக்குச் செம்மஞ்சள், 1965 மஸ்ராங்கின் 289-க்குக் கறுப்பு உடலும் பொன்னிற மூடியும், மறு ஆண்டே அது நீலம். விரிக்கின் இம்மலர் கொள்ளாது.

செம்மை செய்யவே கூடாத குறைகளும் உண்டு. 1970 பிளிமத் சுப்பர்பேர்ட் என்ற பந்தயக் காருக்குக் கூர்த்த மூக்கும், பின்னே உயர்ந்த சிறகும் உண்டு. காற்று நன்கு வழுகும்படி பின்கண்ணாடியின் வடிவை மாற்றியபோது கூரையில் ஒட்டுவேலையின் தழும்புகள் விழுந்தன. அவற்றை அராவிச் செம்மையாக்க நேரமும் பணமும் செலவிடாது, கூரையை வினைல் துணியால் மூடிவிட்டனர். ஆகவே சுப்பர்பேர்ட்டின் சிற்றுருவில் அத்துணியின் சொரசொரப்பைத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுக்குபவர், மெய்யான காரை விட்டு விலகிப் போகிறார். அக்காலத்துத் தொழிற்சாலைக் கார்களிற் கதவு இடைவெளி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் இருந்தது உண்டு. மை தோடம்பழத் தோல்போலப் புள்ளியிட்டு இருந்தது உண்டு. இக்காலக் கண்காட்சிகளில் நிற்கும் திருத்திய கார்கள், பிறந்த நாளிலும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

முதியவரின் காரின் நிறம் கரும்பச்சை. உலோகத் துகள் கலந்தது. கடையில் விற்கும் துகள் மையைச் சிற்றுருவில் அடித்தால், துகளொன்று மெய்க் காரில் நெத்தலிச் செதிளளவு தோன்றும். மிக நுண்ணிய துகளுள்ள மை கொழும்பிலிருந்து வந்தது. மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் இடைவெளி. மாரி ஈரத்தில் ஒருமுறை வெண்பூத்துப்போக, முழுவதும் அராவி மீண்டும் பூசினோம்.

எஞ்சியிருப்பது முன்கண்ணாடி. சட்டைப் பெட்டியின் ஒளிபுகு மேலுறையை வெட்டி வைத்துப் பார்த்தோம். அக்கண்ணாடி இடம்வலமாக வளைவதோடு மேல்கீழாகவும் சிறிது வளைவது. தட்டையான தாள் ஒருபுறம் வளைந்தால் மறுபுறம் நிமிர்கிறது. மரத்தில் அச்சுக் கடைந்து, தாளைச் சூடாக்கி இழுத்தும் பார்த்தோம். இருமுறை புகைந்தது, ஒருமுறை சுருக்கம் விழுந்தது. உருகிய பழைய கண்ணாடியைத் தேய்த்து மினுக்குவதோ, பள்ளம் பாதித் தடிப்பு வரை போய்விட்டதால் ஆகாது. கண்ணாடியில்லாமல் அனுப்பிவிடுவோமா எனத் தோழரைக் கேட்டோம். “முகம் இல்லாமல் எப்பிடி மச்சான் குடுக்கிறது?” என்றார்.

இம்மலர் கடல்கடந்த பழைய மாணவர் பலர் கைக்கும் செல்லும் என அறிகிறோம். 1970 அல்லது 1971 டொட்ஜ் சலெஞ்சர், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு, உடைந்ததோ பாதி பொருத்தியதோ, எவர் வீட்டு நிலவறையிலேனும் கிடந்தால் அதன் முன்கண்ணாடியை மட்டும் மலர்க்குழுவின் முகவரிக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். ரயரோடு சேர்த்துச் சுற்றாது அனுப்புக. அதற்குரிய விலையையும் அஞ்சற் செலவையும் உடன் அனுப்புவோம்.